கிளேஸ் நக்கியதாக நான் நினைத்த கிழட்டு ஃபெரட்

மூணாங்கிளாஸோடு ஸ்கூலை விட்டவன் நான், கோவிந்தசாமி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் மண் சலிக்கச் சேர்ந்தேன். இன்று சொந்த ஷெட், இரண்டு சூளை, நாற்பது பேருக்கு வேலை. பீங்கான் பொம்மை விற்காத வருஷத்தில் நாய், பூனைக்குத் தீனிக் கிண்ணம் செய்யலாம் என்று யோசித்தவனும் நான்தான். சொந்தக்காரனெல்லாம் சிரித்தான். இப்போது அந்தக் கிண்ணம் பெங்களூரு வரை போகிறது.

பெயிண்டிங் பிரிவு சூப்பர்வைசர் ஸ்டெல்லா ஒரு ஃபெரட் வளர்க்கிறாள். பார்க்கக் கீரி மாதிரி நீளமாக இருக்கும், கறிதான் தின்னும். பேரு ஜிம்மி. ஆறு வயசு, அந்த ஜாதிக்கு அதுவே கிழப்பருவம். வால் முடி கொட்டிப்போச்சு, பாதி நாள் தூக்கம். அம்மா போன பிறகு ஸ்டெல்லாவுக்கு வூட்டில் அதுதான் துணை. தினமும் கூடையில் வைத்து வேலைக்குக் கொண்டுவருவாள்.

ஒரு நாள் காலையில் ஜிம்மி கிளேஸ் தொட்டி ஓரம் கிடந்தது. வாயில் வெள்ளை நுரை. முன்காலால் வாயைப் பிறாண்டியது. பாத்திரத்துக்குப் பளபளப்புப் பூசுகிற வெள்ளைக் கரைசல்தான் கிளேஸ், உள்ளே போனால் விஷம். எங்கள் தொழிலில் வாயில் வெள்ளையைப் பார்த்தால் வேறு யோசனையே வராது. நக்கிவிட்டது என்று முடிவு கட்டி, தீனி எதுவும் வைக்கக்கூடாது, தண்ணீர் மட்டும் என்று நானே உத்தரவு போட்டேன். இந்த ஜாதியைப் பார்க்கிற டாக்டர் பாண்டிச்சேரியில்தான் இருந்தார். சாயங்காலம் வரச் சொன்னார்.

மத்தியானம் பின்னங்கால் இழுத்துக்கொண்டது.

"ஐயா, கூப்பிட்டா கண்ணே தொறக்க மாட்டேங்குதுங்க," என்றாள் ஸ்டெல்லா.

சூளைக்காரர் முருகேசன் ஒரு கீரிக்கு இவ்வளவு பாடா என்று முனகினார். உன் சூளையைப் போய்ப் பாருய்யா என்று அனுப்பிவிட்டுக் குனிந்து பார்த்தேன். நடுக்கம், எச்சில், நிலைகுத்திய பார்வை. எனக்குச் சுகர் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்த நாளில் நானும் இப்படித்தான் கிடப்பேன்.

"ஏம்மா, இது கிளேஸ் இல்ல. சுகர் எறங்கிடுச்சு. நாந்தான் பட்டினி போட்டுக் கெடுத்துட்டேன்."

பஞ்சில் தேன் தொட்டு ஈறில் தடவினேன். தொண்டையில் ஊற்றவில்லை, புரையேறிவிடும். கொஞ்ச நேரத்தில் மூக்கு அசைந்தது. தலை தூக்கிச்சு. அப்புறம் என் விரலையே கடித்தது. ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அரைத்த கோழிக்கறி வைத்தோம், நக்கித் தின்றது.

சாயங்காலம் பாண்டிச்சேரியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கணையத்தில் கட்டியாம். வயசான ஃபெரட்டுக்கு அடிக்கடி வருமாம், அதுதான் சர்க்கரையை இறக்குகிறதாம், காலையில் பார்த்த நுரையும் அதனால்தானாம். கிளேஸ் உள்ளே போன அறிகுறியே இல்லை.

"தேன் தடவலன்னா இங்க வந்து சேர்ந்திருக்காதுங்க. ஆனா அது அவசரத்துக்கு மட்டும். தினம் குடுத்தா அந்தக் கட்டி இன்சுலினை அதிகமா சுரந்து, சர்க்கரை இன்னும் எறங்கும்," என்றார்.

முழுசாகக் குணமாகாது. ஆனாலும் மாத்திரையும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் கறியுமாக ஜிம்மி இன்றும் கூடையில் வருகிறது.

இளவட்டங்களுக்குச் சொல்கிறேன்: நம் தொழிலில் பார்த்த கேடுதான் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் கிழட்டுப் பிராணியைப் பட்டினி போடாதீர்கள்.

ஸ்டெல்லா பட்டறை வாட்ஸப் குரூப்பில் "டாக்டர் காப்பாத்திட்டாரு" என்று போட்டிருக்கிறாள். அதைத் திருத்த வேண்டும். பட்டினி போட்டது நான் என்றும் எழுதட்டும், மறுக்கமாட்டேன். தேன் தடவி உயிரைப் பிடித்து நிறுத்தியது கோவிந்தசாமி என்று, டாக்டர் பேருக்கு மேலே எழுத வேண்டும்.