பூட்டிக் கிடந்த மாதத்துக்கும் கணக்கு

தாராவியில் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பட்டறையைப் பூட்டிவிட்டால், பூட்டிய மாதத்துக்கு வாட்ச்மேன் காசு கிடையாது, தண்ணீர்க் காசும் கிடையாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பை தைக்கும் பட்டறை போட்டு அப்போது மூன்றே மாதம். ஏப்ரலில் கொடை, மே மாதம் நாத்தனார் கல்யாணம். இரண்டு மாதமும் பூட்டுத்தான். மாதாமாதம் போட வேண்டிய ஜிஎஸ்டி கணக்கு என் பொறுப்பு. ஒரு பைகூட விற்கவில்லையே, எதைப் போய் எழுத என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஜூனில் திரும்பியதும் புனேயில் ஒரு கம்பெனி தங்கள் விழாவுக்கு இருநூறு லேப்டாப் பை கேட்டது. அவ்வளவு பெரிய ஆர்டர் அதுதான் முதல். என் வீட்டுக்காரர் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். இது கைகூடாவிட்டால் பழைய முதலாளி வாசலில்தான் போய் நிற்க வேண்டும். கையிலிருந்ததையெல்லாம் ரெக்ஸினுக்கும் ஜிப்புக்கும் வரியோடு சேர்த்துக் கொடுத்தோம். ஒவ்வொரு பையிலும் அந்தக் கம்பெனியின் பெயரை அச்சடித்தோம்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் டெம்போ வந்து நின்றது. புனே வரைக்கும் அவ்வளவு சரக்கு போக ஈ-வே பில் என்று ஜிஎஸ்டி அனுமதிச் சீட்டு வேண்டும். போனில் போட்டுப் பார்த்தேன். முடியாது என்று வந்தது. எங்கள் ஜிஎஸ்டி நம்பரைத் தப்பாக அடித்திருக்க மாட்டேனா என்ற ஆசையில் மறுபடியும் போட்டேன். அதேதான்.

எங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் வாங்கிக் கொடுத்தவர் கிங்ஸ் சர்க்கிளில் ஆபீஸ் வைத்திருக்கிறார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரிடம் ஓடினேன்.

"ரெண்டு மாசமா ரிட்டர்னே போடலையேம்மா. அதான் பிளாக் ஆயிருக்கு."

"பட்டறையே பூட்டிக் கெடந்துச்சு சார். யாவாரமே நடக்கல, என்னத்தப் போட?"

"ஜீரோன்னு போடணும். நடக்கலைன்னா நடக்கலைன்னு சொல்லணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்லித்தான் இருப்பார். நம்பர் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குத்தான் காதில் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு மாதத்துக்கும் போட்டு முடித்தார். தாமதக் கட்டணமும் கட்டினேன்.

"இப்ப பில்லு எடுக்கலாமா சார்?"

"சிஸ்டம் திறக்க நாளைக்கு ஆயிடும்மா."

விழா நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு.

பட்டறைக்கு வந்து பார்த்தால் பாதி மூட்டை வண்டியில் ஏறியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி, பில்லு இல்லாமலே போட்டும். எவன் வந்து பாக்கான்?" என்றார் அவர்.

டிரைவர் சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டார். "பில் நஹீ தோ காடி நஹீ." பில் இல்லாவிட்டால் வண்டி கிடையாதாம். வழியில் பிடித்தால் அவர் வண்டியை அல்லவா நிறுத்தி வைப்பார்கள்? என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மூட்டையாக இறக்கினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு பில் கிடைத்தது. புனேக்குப் போன் போட்டேன். வேறு இடத்தில் வாங்கிவிட்டோம் என்றார்கள், மரியாதையாகத்தான். ஒரு கம்பெனியின் பெயர் போட்ட பையை வேறு யார் தோளில் மாட்டுவார்கள்?

ஜூலை பிறந்ததும் என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பழைய முதலாளியைப் பார்க்கக் கிளம்பினார். கூரை முட்ட அடுக்கிய இருநூறு பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஜூன் மாத விற்பனை பூஜ்யம் என்று முதல் தேதியே போட்டு அனுப்பினேன்.