நான் கழற்றி எடுத்துப் போனவை

காலை ஏழு ஐம்பதுக்கு என் மகளுடைய கணினியின் பக்கத் தகட்டைத் திறந்து, ரேமைக் கழற்றி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மனைவி செவிலியர், காலை டூட்டிக்கு அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். ரேம் என்பது ஒரு சீப்பு அளவுள்ள பச்சைப் பலகை, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் மின்சாரம் வரும், விசிறி சுற்றும், திரையில் மட்டும் ஒன்றும் வராது.

அன்று பத்து மணிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. வெளியூரில் ஒரு வடிவமைப்புக் கல்லூரி. வீட்டிலிருந்தபடியே, அந்தக் கணினியில். முந்தைய நாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தாள்.

"அப்பா, நாளைக்கு மட்டும் ரேம் எடுக்க பேடா. பத்து மணிக்கு இன்டர்வியூ."

எங்கள் வீட்டில் பேச்சு தமிழ்தான். ஆனால் மைசூரில் பிறந்து வளர்ந்த அவளுக்கு வேண்டாம் என்பது மட்டும் கன்னடத்தில்தான் வரும். நான் "ம்" என்றேன்.

மறந்துபோய் எடுத்துவிட்டேன் என்று மனைவியிடம் பிறகு சொன்னேன். அது பொய். ரேமின் இரு பக்கக் கிளிப்புகளையும் விடுவித்தபோதே நினைவு வந்தது. சற்று நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் உட்கார வைத்து யார் நேர்முகத் தேர்வு நடத்துவார்கள், நாள் முழுக்க விளையாட ஒரு சாக்கு என்று நினைத்தேன். உண்மையாகவே இருந்தாலும், அது கைவிட்டுப் போனால் பொறியியலுக்கு வந்துவிடுவாள் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

கணினியிலிருந்து எதையாவது கழற்றி எடுத்துப் போவது எனக்குப் பழைய பழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டியின் முன்பக்கம் ஒரு சாவித் துவாரம். சாவியைத் திருப்பினால்தான் விசைப்பலகை உயிர் பெறும். சாவி அதிகாரியின் சட்டைப் பையில். அவர் தாமதமாக வரும் நாட்களில் துணி உறை போட்ட அந்த இயந்திரத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனதுக்குள் அவரைத் திட்டாத நாள் இல்லை.

மகளுக்கு ஆறு வயதானபோது, அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு கணினி வீட்டுக்கு வந்தது. பின்புறம் பானை போலப் பருத்த திரை. மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், அது உருண்டால்தான் திரையில் அம்பு நகரும். வேலைக்குப் போகும்போது அந்த உருண்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு மாதத்தில் அவள் மவுஸே இல்லாமல் விசைகளை வைத்து எல்லாவற்றையும் திறக்கக் கற்றுக்கொண்டாள். அதைப் பெருமையாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உருண்டை எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அப்புறம் சிவப்பு விளக்கு மவுஸ் வந்தது. எடுக்க உருண்டை இல்லை. இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பத்தாவது முடித்த விடுமுறையில் தேவராஜ மொஹல்லாவில் கடை கடையாக அலைந்து, பழைய பாகங்களைப் பொறுக்கி, அவளே ஒரு கணினியை அசெம்பிள் செய்தாள். பியூசி முதல் வருடம், அதாவது பதினொன்றாம் வகுப்பில், மதிப்பெண் சரிந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் சர்வீஸ் ஆள் ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படித்தான் எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. மாலையில் இரண்டு மணி நேரம் கொடுப்பேன், காலையில் எடுத்துவிடுவேன். அரிசி டப்பாவிலும் பீரோ மேலும் ஒளித்ததை அவள் கண்டுபிடித்த பிறகு, கூடவே கொண்டுபோகத் தொடங்கினேன். பரீட்சைகள் முடிந்தும் அது நிற்கவில்லை.

அன்று எனக்குக் குண்டலுபேட்டைக் கிளையில் வேலை. பேருந்து பேகூரை நெருங்கும்போது கைபேசி அடித்தது. ஒன்பதரை.

"அப்பா, ரேம் எங்க? அரிசி டப்பாவைக் கொட்டிப் பாத்துட்டேன்."

"எங்கிட்ட இருக்கு."

"எங்கிட்டன்னா?"

"பையில."

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"பேகூர் வரப்போகுது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஃபோன்லயே பேசிடக் கூடாதாம்மா?"

"ஃபோன்ல எப்படிப்பா மாடல் பண்ணிக் காட்டறது? நான் செய்யச் செய்ய அவங்க ஸ்க்ரீன்ல பாப்பாங்க."

"பக்கத்து வீட்ல லேப்டாப்..."

"அதுல அந்த சாஃப்ட்வேர் இல்ல. பேடா, விடுங்க." இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

எழுந்து கதவருகே போனேன். நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்: "குண்டலுபேட்டைக்கு டிக்கெட் வாங்கிட்டு இங்க இறங்கறீங்களே சார், வீட்ல கேஸை அணைக்க மறந்துட்டீங்களா?" பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஆமாம் என்றேன்.

பேகூரில் எதிர்த் திசைப் பேருந்துக்காக நின்றபோதே பத்தாகிவிட்டது. வீட்டை அடைந்தபோது பதினொன்றரை. கதவு பூட்டியிருந்தது. என் சாவியால் திறந்தேன். கணினியின் தகடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் இல்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். மனைவியை அழைக்கத் தைரியம் வரவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் ரேமை எடுத்துப் பொருத்திக் கணினியை இயக்கினேன். கடவுச்சொல் கேட்கும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. என்னிடமிருந்து பூட்டி வைக்க அவளிடம் எதுவும் இருக்கவில்லை. திரையில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. திறந்தால் மருத்துவமனை வார்டில் மருந்து தள்ளிக்கொண்டு போகும் வண்டி. சுட்டியை நகர்த்தினால் எல்லாப் பக்கமும் திரும்பியது. குனியாமல் இழுக்கும் உயரத்தில் தட்டுகள். சக்கரத்தைச் சுற்றி ரப்பர் வளையம். 'நோயாளிகள் தூக்கம் கெடாமல்' என்று ஆங்கிலத்தில் குறிப்பு. ஓரத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வளையம்; 'அம்மாவுக்கு' என்று அதில் எழுதியிருந்தது. கோப்பின் தேதிகளைப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக, நான் கொடுத்த அந்த இரண்டு மணி நேரங்களில் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். இடுப்பு வலிக்கிறது என்று மனைவி சொல்லும்போதெல்லாம் நான் தைலத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வண்டியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் இப்போது இங்கேயே ஒரு கல்லூரியில் கணினிப் பொறியியல் படிக்கிறாள். நான் விரும்பியதுதான். அதற்காக அவளுக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் ரேமைத் தாய்ப்பலகையோடு சேர்த்து உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். யாராலும் கழற்ற முடியாது. அவள் அதைப் பாடத்துக்கு மட்டும் திறக்கிறாள், முடிந்ததும் தானே மூடிவிடுகிறாள். விளையாடினால்கூடத் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது.

அன்று ஒன்றேகாலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. மகள் உள்ளே வந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. கணினி ஓடிக்கொண்டிருப்பதையும் திரையில் அந்த வண்டியையும் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"எங்கம்மா போனே?"

"தேவராஜ மொஹல்லாக்கு. கடை திறக்கவே பத்தே முக்கால் ஆச்சு. கடைக்காரர்கிட்ட இருந்தது பழைய ரேம். பல்லுக்கு நடுவுல இருக்கற வெட்டு வேற இடத்துல இருக்கும், என் போர்டுல உட்காராது."

"காலேஜுக்குப் பேசினியா?"

"பேசினேன். வீட்ல கரெண்ட் போயிடுச்சுன்னு சொன்னேன். அதுக்கெல்லாம் இன்னொரு நாள் தர மாட்டாங்களாம், ரூல்ஸ் இருக்காம்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமேம்மா. இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பாங்களே."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

"கேட்டாங்கப்பா. நிஜமாவே கரெண்ட்தானான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. எங்கப்பா ரேமைக் கழட்டி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிட்டார்னு எப்படிப்பா சொல்றது? எனக்குக் கூச்சமா இருந்தது."