தெளுவு மாரப்பண்ணன்

மாரப்பண்ணன் செத்துப்போய்விட்டார். இன்று மத்தியானம், பனையிலிருந்து விழுந்து...

இதை நம் வகுப்புத் தோழிகள் மட்டும் படியுங்கள். கடைசியாகப் படிப்பவள் அடுப்பில் போட்டுவிடுங்கள். அப்பா மதுவிலக்கு ஆபீசில் பியூன். எழுதியது நான் என்று வெளியே தெரிந்தால் அவருக்கு வேலை போய்விடும். விளக்கைத் தணித்து வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஸ்கூல் வாசலில் காலையில் தெளுவு, புத்தகத்தில் பதநீர் என்று இருக்குமே, அதை ஊற்றுவாரே, அவர்தான். பனையோலைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்போமே...

"ஏஞ்சாமி, கணக்குல மறுக்காவும் முட்டையா? இன்னொரு வாய் குடி. தெம்பா அழுகலாம்."

சர்க்கார் கள்ளை நிறுத்தின பிறகு தெளுவு இறக்கவும் லைசென்ஸ். மரத்துக்கெல்லாம் நம்பர். தெளுவு புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க ஆள்.

"நம்பர் போட ஒருத்தரு, நம்பரப் பாக்க ஒருத்தரு, பாத்தவரப் பாக்க இன்னொருத்தரு. மரமேற மட்டும் நா ஒருத்தந்தான் கண்ணு" என்பார்.

அப்போதுதான் மளிகைக் கடையில் மிளகாய், புளி எல்லாம் விலை ஏறியது. "புது வரிங்க. கள்ளுல வந்த வருமானம் நின்னுபோச்சில்லீங்க, அதை எங்ககிட்ட வாங்கறாங்க. நா உங்ககிட்ட வாங்கறேன்" என்றார் கடைக்காரர்.

"குடிக்காத ஊட்டுலயுமா?" என்று அம்மா கேட்டாள். அவர் புளியைத் தராசில் போட்டார்.

போன மாசம் பெரிய இன்ஸ்பெக்டர் கேம்ப். அவர் வந்து பார்க்கும்வரை ஒரு கலயமும் நகரக்கூடாது என்று உத்தரவு. டெண்ட் வந்தது, நாற்காலி வந்தது, மேசை விரிப்புகூட வந்தது. சார் வரவில்லை.

விடியலில் இறக்கின தெளுவு வெயிலில் காத்திருந்தது. கார் வந்தபோது உச்சிவெயில். சுண்ணாம்பு தடவினாலும் எவ்வளவு நேரம் தாங்கும்...

சார் மோந்து பார்த்தார். கள் என்றார்.

"விடியால வந்திருந்தீங்கன்னா தெளுவுங்க. நீங்க வர்றதுக்குள்ள புளிச்சுப்போச்சுங்க சாமி."

டெண்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். சாருக்குக் கோபம் வந்தது அதற்குத்தான் என்று அப்பா சொன்னார். கலயங்களை உடைத்தார்கள். லைசென்ஸ் ரத்து. சாட்சிக்கு அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் கூலிக்கு ஓலை வெட்டத்தான் போய்க்கொண்டிருந்தார். இன்று வெட்டின ஓலை அதே ஆபீசுக்கு. டெண்ட் போதவில்லை என்று புதுக் கொட்டகை போடுகிறார்கள்.

"அப்பா, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாஞ்சாமி. யாராச்சும் பாத்தா ஆபீசுல சொல்லிருவாங்க..." சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

போய் வாருங்கள், மாரப்பண்ணா.

காலையில்தான் எடுக்கிறார்களாம். தோழிகளே, உங்களில் யாராவது போனால் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அப்பாவுக்கும்.

பெயர் மட்டும் சொல்ல வேண்டாம்.