குழாயில் வந்த பதில்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. கதை கட்டவெல்லாம் எனக்கு வராது.

நானும் என் அக்கா வீட்டுக்காரரும் ஒரே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறோம். தொட்டிகளில் சேரும் சேற்றுக்குள் ஓசோன் வாயுவைச் செலுத்துவோம். கிருமிகள் உடைந்து, சேறு குறையும். அந்த வாயு மனிதனின் நுரையீரலையும் விட்டுவைக்காது. அதனால் ஓசோன் அறைக்குள் ஒருவர் போனால் வெளியே ஒருவர் காவல். வெளியே இருப்பவர், சுவருக்குள் போகும் இரும்புக் குழாயில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் திரும்ப இரண்டு தட்டுவார். பதில் வந்தால் கதவைத் தொடவே கூடாது. வராவிட்டால் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும்.

அன்று மாலை 6.10. வெளியே நல்ல மழை, இருட்டிவிட்டது. வால்வு மாற்ற அத்தான் முகமூடியோடு உள்ளே போனார்.

"தூங்கிடாதே மச்சான்."

"சீக்கிரம் வாங்க அத்தான். லேட்டானா அக்கா என் தோலை உரிச்சிடுவா."

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினேன். டக்... டக். பதில் வந்தது.

ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்தேன். உட்கார்ந்தேன். எழுந்து மறுபடி தட்டினேன்.

டக்... டக்.

உடனே வந்தது. இரண்டு கையும் வால்வில் இருக்கும் மனிதர், இவ்வளவு சுருக்காக எப்படித் தட்டுவார்?

6.25. ஸ்பேனரை ஓங்கினேன். இன்னும் தட்டவில்லை...

டக்... டக்.

கதவருகே ஓடிப்போய்க் கத்தினேன்.

"அத்தான்!"

டக்... டக்.

"வாயத் திறந்து பேசுங்க!"

டக் டக் டக் டக்...

விதியாவது ஒன்றாவது. முகமூடியை மாட்டினேன். கதவைத் திறந்தேன்.

சத்தம் நின்றது.

அத்தான் குழாயிலிருந்து ரொம்பத் தள்ளி, சுவரோரம் மல்லாந்து கிடந்தார். முகமூடியின் காற்றுக்குழல் கழன்றிருந்தது. கை வெறுங்கை.

இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள்.

மனுஷர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சு வந்ததும், அக்கா காபி வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"உள்ள போன உடனேயே விழுந்துட்டேன்டா. கை கால் அசையல. நீ தட்டுனது கேட்டுச்சு. பதில் இல்லேன்னா நீ ஓடி வந்துருவேன்னு நிம்மதியா இருந்தேன்."

"அப்ப... தட்டுனது?"

அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தன் குழாய்கிட்ட குந்தியிருந்தான். நீ தட்டத் தட்ட, அவன் பதில் தட்டினான். ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பாத்து, வாயில விரல வச்சு... 'ஷ்...'னான்."