மழை பெய்கிற புதன்கிழமை

எழுதுவதற்கு நான் யார் என்ற கேள்வி எனக்கே இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். படித்தவர்கள் கையில் இது போய்ச் சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூக்குக்கண்ணாடி போட எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். பதினேழு வயதில் கத்தி பிடித்தேன். என் பங்குக்கு முந்நூறு மரங்கள். பட்டையை ஒரு காகிதக் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் கத்தி உள்மரத்தில் பட்டுக் காயமாகிவிடும். காயம் பட்ட இடம் முடிச்சு விழுந்து, பிறகு வெட்டவே முடியாமல் போகும். எங்கள் வேலையை மேற்பார்க்கிற கங்காணி காயங்களை எண்ணிக்கொண்டே வருவார்.

இரண்டாயிரமாம் ஆண்டில், எனக்கு நாற்பத்தொன்று ஆனபோது, காயங்கள் கூடத் தொடங்கின. கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்தேன். தினமும் தீட்டினேன். பக்கத்து வரிசையில் வெட்டுகிற பெண் என்னைவிட ஐந்து வயது இளையவள், வாய்க்காரி.

"என்னக்கா, தீட்டித் தீட்டி கத்திய ஊசியாக்கிப்புடுவீங்க போலிருக்கே. பொறகு மரத்துக்கு தையல் போடுவீங்களா?"

நானும் சிரித்தேன். கோளாறு கத்தியில் இல்லை, கண்ணில் என்று எனக்கு அதற்குள் தெரியும். அரிசியில் கல் தெரியவில்லை. மகளின் புத்தகத்தில் எழுத்துகள் எறும்பு போல ஊர்ந்தன. ஆனால் தூரப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூட்டில் வேலை; நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியும்.

"ஒனக்கா கண்ணு தெரியல? நான் புகைக்கூட்டுக்குப் பின்னால பீடி பத்த வச்சா லயத்துலயிருந்தே கண்டுபுடிச்சு சண்டைக்கு வர்றியே."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்ததில் எனக்கு நிம்மதி என்றுகூடச் சொல்லலாம்.

டவுன் ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் புதன்கிழமை மட்டும்தான். காலை ஆறு மணிக்கே நம்பர் துண்டு கொடுக்கத் தொடங்குவார்கள். அதே ஆறு மணிக்கு நான் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் பேர் கூப்பிட்டு ஆளை மலைக்கு அனுப்புவார்கள். வெட்டு வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்றால் அதற்குள் கிளினிக் மூடிவிடும். மழை நாளில் பட்டை நனைந்திருக்கும், வெட்டு இல்லை. ஆகவே மழை பெய்கிற ஒரு புதன்கிழமை போவது என்று முடிவு செய்தேன். ரப்பர் வெட்டுகிறவளுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

பிறகு மழை திங்கட்கிழமை பெய்தது. சனிக்கிழமை பெய்தது. செவ்வாய்க்கிழமை கொட்டித் தீர்த்துவிட்டுப் புதன் விடியலில் பளிச்சென்று வெளுத்தது. செவ்வாய் என்றாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பேன். விடியும் முன் எழுந்து ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்ப்பேன். கை நனையாவிட்டால் ஏமாற்றம். நனைந்துவிட்டாலோ சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை மழை வந்தேவிட்டது. சேலை மாற்றி, தலை வாரி உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு மழை விட்டதும், பிந்தி வெட்டு, பட்டை காய்ந்ததும் மலைக்கு வர வேண்டும் என்று கங்காணி ஆள் அனுப்பினார். சேலையை அவிழ்த்து வேலைத் துணியைக் கட்டியபோது, உண்மையைச் சொன்னால், கை வேகமாக வேலை செய்தது.

அடுத்த மழைப் புதனில் நாள் முழுக்க மழை. இந்த மழையில் பஸ் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இருந்த பாத்திரங்களை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அடுப்படியில் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பயம் என்ன என்று இப்போது கேட்டால் ஒன்றாகச் சொல்ல முடியாது. தெரியாத கூட்டத்தில் நிற்க வேண்டும். டொக்டர் ஏதாவது பெரிதாகச் சொல்லிவிடுவார். லயத்தில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்திகூட இல்லை. இவை மூன்றும் சேர்ந்து என்னை வீட்டிலேயே இருத்தின. அதற்குள் நான் விரலால் வெட்டப் பழகிவிட்டேன். இடது கை விரலைப் பழைய வெட்டுக்கோட்டில் வைத்து, தடவிக்கொண்டே கத்தியை இழுப்பேன். பாதி நாள் சரியாக வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கங்காணிக்கும் மேலே தோட்டத்து வெளிவேலையைப் பார்க்கிற வெளிக்கள ஐயா மலைக்கு வந்தார். சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். என் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது யாரு மரம்?"

"என்னோடதுங்க ஐயா."

"ஐயோ! இது பால் வெட்டுறது இல்ல, கொத்துறது. வாற வியாழக்கெழம நான் திரும்ப வர்றது. இப்பிடியே காயம் இருந்தா நீங்க புல்லு வெட்ட போறது. மரம் வேற ஆளுக்கு."

புல்லு வெட்டு என்றால் மாலை வரை வெயிலில் குனிந்து நிற்கிற வேலை. அதைக்கூடச் செய்துவிடலாம். ஆனால் அந்த முந்நூறு மரத்தில் எது அதிகாலையில் பால் விடும், எது முரண்டு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு ஒருத்தி அங்கே வாளியோடு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வியாழனுக்கு முன் ஒரே ஒரு புதன்கிழமைதான் இருந்தது. ஐந்து நாளும் ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. புதன் விடியலில் கையை நீட்டினேன். காய்ந்த காற்று.

சொல்லாமல் நின்றுவிடலாம். ஆனால் கங்காணி என் பேரைக் கூப்பிடும்போது நான் இல்லாவிட்டால், பயந்து ஓடிவிட்டாள் என்று ஆகிவிடும். ஆகவே நல்ல சேலை கட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போனேன்.  கங்காணி என் பேரைக் கூப்பிட்டார்.

"கங்காணி, நான் இன்னிக்கி வரல."

"வரலைன்னு சொல்றதுக்கா சேல கட்டிக்கிட்டு பிரட்டுக்கு வந்த?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"கண்ணு பாக்கப் போறேங்க. கிட்டத்துல தெரியல. ஒன்றர வருஷமா."

"அப்ப இம்புட்டு நாளா மரத்த எத வச்சும்மா வெட்டுன?"

"வெரல வச்சுங்க."

 பக்கத்து வரிசைக்காரி என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனியெல்லாம் கீறல். "அடப்பாவி அக்கா, எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா? நான் ஒங்க கத்தியத்தானே கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள். கங்காணி பேர் எழுதும் கொப்பியை மூடினார்.

"ஓடு, பஸ்ஸு போயிரும்."

ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்டு மணி. நம்பர் துண்டு தீர்ந்துவிட்டது. திரும்பிவிடலாம், அதுதான் எனக்குப் பழக்கம். வாசல் வரை வந்தும்விட்டேன். பிறகு நர்ஸிடம் போய்ச் சிங்களத்தில், நாளைக்கு என் மரம் போய்விடும் என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியவில்லை என்று கேட்டார். சொன்னேன்.

"மெச்சர கல் கொஹெத ஹிட்டியே?" என்றார். இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று அர்த்தம். மழைக்காகக் காத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது?  அவர் என்னை வரிசையின் கடைசியில் உட்காரச் சொன்னார்.

பன்னிரண்டரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வாசிக்கச் சொன்ன அட்டையில் இருந்த சிங்கள எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. டொக்டர் என்ன வேலை என்று கேட்டார். ரப்பர் வெட்டு என்றேன். ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டி, தன் உள்ளங்கையை என் முகத்துக்கு முன் நீட்டினார். நாலாவது கண்ணாடியில் ரேகைகள் சட்டென்று தனித்தனியாகப் பிரிந்தன. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருந்தது. அறியாத ஆளின் கையை அப்படிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வயசானா வர்றதுதான்" என்று சிங்களத்தில் சொல்லி, கண்ணாடி நம்பரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில் அதே நம்பரில் கண்ணாடி இருந்தது. வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் வெளிக்கள ஐயா எட்டரைக்கு வந்தார். அன்று காலை நான் வெட்டியதில் பதினான்கு மரம் பார்த்தார். ஒன்றில் புதுக் காயம் இருந்தது, வியர்வையில் கண்ணாடி நழுவியபோது பட்டது. "சரி, வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மலைக்குப் போனார்.