சிஞ்ஞோராவோடு ஸ்லோவேனியா: பிரானோ வீட்டு வாசல்வரை

ஸ்லோவேனியா என்றொரு நாடு இருப்பதே 2017 வரை எனக்குத் தெரியாது. இத்தாலியில், பலேர்மோவின் லிபெர்த்தா வீதிப் பக்கம் நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மா, பிறந்த ஊர் பிரானோ. இப்போது ஸ்லோவேனியாவில் இருக்கும் அது, அந்தக் காலத்தில் இத்தாலியிடம் இருந்ததாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர் கைமாற, பதினாலு வயதில் குடும்பத்தோடு எல்லாவற்றையும் விட்டு வந்தவர். இப்போது வயது எழுபத்தேழு.

"வீட்டை ஒருக்காப் பாத்து, 'அதியோ' சொல்லிப்போட்டு வரோணும், கலா. நீயும் வந்தால்தான் போவன்" என்றார்.

அதியோ என்றால் இனிச் சந்திக்கவே மாட்டோம் என்ற விடைபெறல். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சொல்லை வாயில எடுக்காதேங்கோ! எங்கட ஆக்கள் 'போறன்' எண்டுகூடச் சொல்லமாட்டினம்" என்று ஏசினேன். பின்னேரங்களில் வேலை முடிந்து கிளம்பும்போது நான் அவரிடம் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று தமிழில்தான் சொல்வேன். அவரும் தலையாட்டுவார்.

மே மாதம் கிளம்பினோம். பெர்மெசோ என்ற இத்தாலிய வதிவிட அனுமதியும் பாஸ்போர்ட்டும் கையிலிருந்தால் தனி விசா தேவையில்லை. வெனிஸுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து லூப்லியானாவுக்கு பஸ்ஸில் மூன்றரை மணி நேரம், தலைக்கு இருபத்தைந்து யூரோ. எல்லையில் ஒருவரும் மறிக்கவில்லை. சோதனைச் சாவடிகளில் பாதி வயதைக் கழித்தவள் நான், பாஸ்போர்ட்டை நீட்டத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது வீண்!

நாடு மொத்தமே இலங்கையில் மூன்றில் ஒரு பங்குதான். சனத்தொகை இருபது லட்சமளவில். காசு யூரோ. தலைநகர் லூப்லியானாவை ஒரே பகலில் நடந்து பார்த்துவிடலாம்: நடுவில் ஆறு, மேலே கோட்டை, கார் நுழையாத வீதிகள். துப்புரவென்றால் அப்படியொரு துப்புரவு. பலேர்மோவின் பல்லரோச் சந்தையில் மீன் தண்ணீர் மிதித்துப் பழகிய என் செருப்புக்கே கூச்சமாகிவிட்டது.

மறுநாள் பிளெட் ஏரி, ஐம்பத்தைந்து கிலோமீற்றர். ஏரி நடுவே தீவு, தீவில் தேவாலயம். துடுப்புப் படகுக்குப் பதினாலு யூரோ. அங்கே மணியை இழுத்தால் நினைத்தது நடக்கும் என்கிறார்கள். படியேற முடியாத சிஞ்ஞோரா கரையில் கிரீம் கேக் சாப்பிட, அவருக்கும் சேர்த்து நான் இழுத்தேன்.

மூன்றாம் நாள் கடற்கரை. லூப்லியானாவிலிருந்து பிரானோ நூற்றிருபது கிலோமீற்றர், டாக்சி பிடித்தோம். ஊர்ப் பலகைகளில் ஸ்லோவேனிய மொழி, இத்தாலிய மொழி இரண்டும். ஏனென்று, இத்தாலிய மொழி தெரிந்த சாரதியைக் கேட்டேன்.

"இத்தாலியர் கொஞ்சப்பேர் இஞ்சை இன்னும் இருக்கினம். அவைக்கும் இது ஊர்தானே" என்றார், சர்வசாதாரணமாக. எங்கள் நாட்டை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

வீடு கடலைப் பார்த்த ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில். சிஞ்ஞோரா கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். "வேண்டாம், திரும்புவம். வேறை ஆக்கள் இருக்கினம். என்னெண்டு சொல்லித் தட்டுறது?"

"இவ்வளவு தூரம் வந்து தட்டாமல் போறதோ? விசரே உங்களுக்கு?" நானே தட்டினேன்.

ஓர் இளம் பெண் திறந்தாள். இத்தாலிய மொழியில் விஷயத்தைச் சொன்னதும், "உள்ளை வாங்கோ, இப்பதான் கோப்பி போடுறன்" என்றாள். சிஞ்ஞோரா அறை அறையாகப் போனார். சமையலறை ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டு கோப்பியைக் குடித்து முடித்தார். அழவில்லை, நான்தான் அழுதேன்.

வெளியே வந்ததும் வாசல் நிலையில் கையை வைத்து நின்றார். அதியோதான் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"போட்டு வாறன்" என்றார், தமிழில்.

போகிறவர்களுக்கு: மே அல்லது செப்டெம்பர் நல்லது. பிளெட்டில் குளிரும், ஜாக்கெட் வேண்டும். பிரானோவின் ஒழுங்கைகள் கல் பதித்தவை, தட்டைச் செருப்புப் போடுங்கள். அழகான நாடு, மரியாதையான சனம், தயங்காமல் போங்கள்.

நான் இந்த வருடம் இலங்கைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டை விட்டு ஓடிய அன்று, ஷெல் சத்தத்தில் அதற்கு ஒரு சொல்லும் சொல்லாமல் வந்தவள் நான். இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது. கதவிருந்தால் தட்டுவேன். இல்லாவிட்டாலும் வளவில் நின்று சொல்லிவிட்டு வருவேன்.