முறைன்னா முறைதான்

கண்ணாடிச் சட்டத்தை உங்கள் மூக்கின்மேல் உட்காரவைத்து, ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி "எழுத்து தெரியுதா?" என்பதல்ல. "இந்த மூக்கு அம்மா வழியா, அப்பா வழியா?" என்பதுதான்.

வந்தவர் திகைத்துப்போய் "அம்மா வழி" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார். அம்மாவைப் பெற்றவர் என்ன வேலை பார்த்தார், அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் யாராவது கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார்களா என்று சரம் சரமாகக் கேள்வி வரும். கோபித்துக்கொண்டு போனவர்கள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். "எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பார் சார். அவரைப் பிடிச்சோம்னா பாதி ஊரைப் பிடிச்ச மாதிரி" என்பார். இதற்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து மகள் தலையை நீட்டி, "அப்பா, அவருக்குப் பவர் எவ்வளவு?" என்று கேட்பாள். "பொறும்மா, இப்பதான் தாத்தா வரைக்கும் வந்திருக்கோம்" என்று பதில் போகும்.

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. கண்ணாடி போட்டவர்களும் அதைப் படித்ததில்லை. எல்லோருக்கும் அது வம்சம் கடை. அவர் வம்சம் சார். அறுபது வயது, ஒடிசலான உடம்பு. அவருடைய சொந்தக் கண்ணாடி எந்நேரமும் நெற்றியில்தான் இருக்கும். மூக்குக்கு இறங்கி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். சட்டைப் பையில் ஒரு கறுப்புக் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டு நிற்கும். "கண்ணாடியே நெத்தியைவிட்டு இறங்கறதில்ல, கூடு எதுக்கு சார்?" என்று ஒரு நாள் கேட்டேன். "இருக்கட்டும்" என்று பையைத் தட்டிக்கொண்டார். கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுகிறவர், கூட்டைப் பற்றி ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் அந்தக் கடைக்குப் போனது, காதில் மாட்டும் கம்பி உடைந்துபோனதற்காக. திரும்பி வரும்போது கம்பி உடைந்தபடியே இருந்தது. ஆனால் நான் குடும்ப வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினராகியிருந்தேன்.

கழகம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பொது நூலகத்தில் கூடும். பழைய செய்தித்தாள்களைக் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்திருக்கும் பின்னறைதான் இடம். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தும்முவார்கள். அதுவே கடவுள் வாழ்த்து. பிறகு ஆளுக்கொரு கட்டைப் பிரித்து மரண அறிவிப்புகளைப் படிக்க ஆரம்பிப்பார்கள். உலகத்தில் மரணச் செய்தியைப் படித்து இவ்வளவு சந்தோஷப்படும் கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. திடீரென்று ஒருவர் துள்ளி எழுந்து, "செத்துட்டார்! எங்க பெரிய மாமா செத்துட்டார்!" என்று கூவுவார். உடனே கைதட்டல். புதிதாக வந்த நூலகர் முதல் முறை இதைக் கேட்டுத் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார். "பயப்படாதீங்க. போய்ச் சேர்ந்து அறுபத்தஞ்சு வருஷமாச்சு. தேதிதான் இன்னைக்குக் கிடைச்சுது" என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்கள்.

கழகத்தின் சட்டதிட்டங்கள் எல்லாம் வம்சம் சார் வகுத்தவை. குடும்பப் படத்தில் ஓர் உறவைச் சேர்ப்பதானால் முதலில் பென்சில் கோடு. இரண்டு சாட்சிகள் கிடைத்தால்தான் மை. மைப் பேனா அவரிடம் மட்டும் இருக்கும். மூடியைத் திருகித் திறக்கும்போது கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ரப்பருக்கு அனுமதி கிடையாது. "தப்புன்னு தோணினா பக்கத்துல சந்தேகம்னு எழுதுங்க. அழிக்காதீங்க. இருந்த மனுஷனை அழிக்கறதுக்கு நாம யாரு?" என்பார். ரப்பரோடு பிடிபட்டால் பறிமுதல்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. உறவு மையில் ஏறிவிட்டால், அன்றிலிருந்து அந்த முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "முறைன்னா முறைதான். வயசா பார்க்க முடியும்?" என்பது அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். நான் சேர்ந்த மூன்றாவது மாதம், என் அப்பா வழியில் மேலே ஏறி, ஒரு பெரியம்மாவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கியபோது, அவருக்கு நான் தாத்தா முறை என்று நிரூபணமாகிவிட்டது. எனக்கு வயது நாற்பத்தொன்று. அன்றிலிருந்து அவர் பேருந்தில் என்னைக் கண்டால் எழுந்து நின்று, "உட்காருங்க தாத்தா" என்று இடம் கொடுக்கிறார். மொத்தப் பேருந்தும் திரும்பி என் முடியைப் பார்க்கிறது. இப்போதெல்லாம் நான் நடந்தே போய்விடுகிறேன்.

இப்படிப்பட்டவரிடம் சரிக்குச் சரி நின்று பேசக்கூடிய ஒரே ஆள் லேப் அம்மா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வலிக்காமல் ஊசி குத்துவார், வலிக்கிற மாதிரி பேசுவார். ஒரு காலத்தில் கழகத்தில் மூக்கு ஒற்றுமையை அரைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதை ஒழித்தது இந்த அம்மாள்தான். "மூக்கைப் பார்த்துச் சொந்தம் சொல்றதுக்குப் பேரு ஜோசியம்" என்றாராம். "ரத்தம் பேசும்மா" என்று வம்சம் சார் உருகியிருக்கிறார். "நான் தினம் எடுக்கறேன். இதுவரைக்கும் என்கிட்ட ஒண்ணும் பேசலை" என்று பதில் வந்ததாம். வாக்கெடுப்பில் மூக்கு தோற்றது.

லேப் அம்மா முதல் கூட்டத்துக்கு வந்த நாளைப் பற்றி எல்லோருமே சொல்வார்கள். "எனக்குச் சொந்தம்னு சொல்லிக்க யாரும் இல்ல. அம்மா இருந்தாங்க, போயிட்டாங்க. தேடினா யாராவது கிடைப்பாங்களான்னு பார்க்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பென்சிலையும் ஒரு பச்சை ரப்பரையும் எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார். ரப்பரின் ஒரு மூலையில் பல் பதிந்திருந்ததாம். யோசிக்கும்போது கடிக்கிற வழக்கம். வம்சம் சார், "ஆறே மாசத்துல கண்டுபிடிச்சுக் கொடுக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு ரப்பரைப் பறிமுதல் செய்தார். "பத்திரமா வெச்சிருந்து திருப்பித் தரணும்" என்றார் லேப் அம்மா. இரண்டு வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறார். "எங்கயோ வெச்சுட்டேன், தேடிப் பார்க்கறேன்" என்று இவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரப்பர் மட்டுமல்ல, ஆறு மாதத்தில் வரவேண்டிய குடும்பப் படமும் வரவில்லை. தாத்தாவின் தாத்தாவை மூன்றே வாரத்தில் தோண்டி எடுக்கிறவர், லேப் அம்மாவின் படத்தை மட்டும் "ஆராய்ச்சியில இருக்கு" என்று தள்ளிக்கொண்டே வந்தார். காரணத்தை மகள்தான் எனக்குச் சொன்னாள்.

"அப்பாவுக்கு அதை முடிக்கப் பயம் சார். அம்மா போய் ஒன்பது வருஷமாச்சு. இவங்க வந்த அப்புறம்தான் மனுஷன் சட்டைக்கு இஸ்திரி போடறார். ஊர்ல இருக்கறவங்க எல்லாம் சொந்தம்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சவர், இவங்க ஒருத்தர் மட்டும் சொந்தமா இருந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கார்."

"முறைப்பெண்ணா வந்துட்டா நல்லதுதானே?" என்றேன்.

"வந்தா அதிர்ஷ்டம். தங்கச்சின்னு வந்துட்டா? வயசா பார்க்க முடியும்னு அவரே ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரே. அந்த வாயை இப்ப எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?" லென்ஸைத் துடைத்துவிட்டு, "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. அவங்ககிட்டயே சொல்லச் சொன்னேன். படம் முடியட்டும்கறார். படத்தைத் தொடவும் மாட்டேங்கறார்" என்றாள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வினை தபால் ரூபத்தில் வந்தது. தபால் என்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர், கழகத்தின் பொருளாளர், பிறருக்கு உதவி செய்யாவிட்டால் தூக்கம் வராதவர். சென்ற மாதக் கூட்டத்துக்குக் கையில் ஒரு சுருளோடு வந்தார். "தலைவருக்கு வேலை ஜாஸ்தி. லேப் அம்மா பாவம், ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்காங்க. அதான் நானே களத்துல இறங்கிட்டேன்" என்று அறிவித்து, சுருளைப் பிரித்து அலமாரியில் குத்தினார். இடப்பக்கம் வம்சம் சாரின் அம்மா வழி. வலப்பக்கம் லேப் அம்மாவின் அம்மா வழி. நடுவில், இரண்டையும் இணைத்து, புத்தம்புதிய ஒரு பென்சில் கோடு.

"சாரோட அம்மாவைப் பெத்த பாட்டி இருக்காங்களே, அவங்க எட்டுப் பேர்ல மூத்தவங்க. கடைக்குட்டிக்கும் அவங்களுக்கும் இருபது வயசு வித்தியாசம். அந்தக் கடைக்குட்டி யாருன்னு நினைக்கறீங்க? நம்ம லேப் அம்மாவைப் பெத்த அம்மா! அந்தக் குடும்பத்துக்கு மருந்து கலக்கிக் கொடுத்த பழைய கம்பவுண்டரே சொல்லிட்டார்." தபால் மூச்சு வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "அக்கா தங்கச்சி பிள்ளைங்க அக்கா தங்கச்சி. ஆக, சாரோட அம்மாவுக்கு இவங்க தங்கச்சி. சாருக்கு?"

"சித்தி!" என்றது கூட்டம் ஒரே குரலில். கைதட்டல் நூலகரை மறுபடியும் வாசல்வரை கொண்டுவந்தது.

வம்சம் சாரின் நெற்றியிலிருந்த கண்ணாடி தானாக வழுக்கி வந்து மூக்கில் உட்கார்ந்தது. அதன் வழியாக அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மையில ஏத்திடலாமா சார்?" என்றார் தபால்.

"ரெண்டு... ரெண்டு சாட்சி வேணுமே."

"ஒண்ணு வந்தாச்சு. இன்னொண்ணு அடுத்த மாசம் கொண்டுவந்துடறேன். அதுவரைக்கும் ஒத்திகையா ஒரு தடவை சித்தின்னு கூப்பிட்டுடுங்க. அவங்களும் எவ்வளவு சந்தோஷப்படுவாங்க! முறைன்னா முறைதான், வயசா பார்க்க முடியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. லேப் அம்மாவைப் பார்த்தார். சொந்தம் வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கு ஒரு சொந்தம் கிடைத்திருக்கிறது. அதை இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சித்தி என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. "உங்களுக்கு... உங்களுக்குச் சந்தோஷம்னா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். தாத்தா முறை என்கிற உரிமையில் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது.

லேப் அம்மா எழுந்தார். நிதானமாகப் படத்தின் அருகே போய் நின்றார்.

"அந்தக் கம்பவுண்டருக்கு வயசு என்ன?"

"தொண்ணூத்தி நாலு. கிண்ணுன்னு இருக்கார்."

"உங்களை யாருன்னு அடையாளம் கண்டுபிடிச்சாரா? அவர் வீட்டுக்கு முப்பது வருஷம் தபால் கொடுத்தவராச்சே நீங்க."

தபால் சற்றுத் தயங்கினார். "சிலிண்டர் போட வந்தவன்னு நினைச்சுக்கிட்டார். போகும்போது காலி சிலிண்டரை எடுத்துட்டுப் போன்னார்."

"எடுத்துட்டுப் போனீங்களா?"

"வாசல் வரைக்கும்."

கூட்டம் இருமியது. லேப் அம்மா சிரிக்கவில்லை. திரும்பி, வம்சம் சாரின் எதிரில் வந்து நின்று, ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தார். கடையில் அவர் மற்றவர்களைப் பார்ப்பதைப் போலவே.

"மூக்கும் ஒத்துவரலையே" என்றார்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. மூக்கு சாட்சியாகாது என்று சண்டை போட்டு ஜெயித்தவர் அல்லவா! தபால் எழுந்து, "அது சட்டப்படி செல்லாதேம்மா, நீங்கதானே..." என்று தொடங்க, லேப் அம்மா அவர் பக்கம் கையைக் காட்டி உட்காரவைத்தார். ஊசிக்குப் பயந்து துள்ளுகிறவர்களை உட்காரவைத்துப் பழகிய கை அது.

"நான் சொந்தம் தேடித்தான் வந்தேன்" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. "சித்தி ஆகறதுக்கு வரலை." பிறகு வழக்கமான குரலில், "என் ரப்பர் எங்க?" என்று கேட்டார்.

வம்சம் சார் இந்த முறை தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்புக் கூட்டை எடுத்துத் திறந்தார். அதற்குள், கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் சுற்றி, மூலையில் பல் பதிந்த பச்சை ரப்பர் இருந்தது. நீட்டிய கையில் அதைக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு படத்தருகே போனார். பாட்டியிலிருந்து கடைக்குட்டி வரைக்கும் போன பென்சில் கோட்டை, ஒரு தடமும் இல்லாமல், அழுத்தி அழுத்தி அழித்தார். துகள்களை வாயால் ஊதிவிட்டார். பிறகு ரப்பரைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்து மூடி, மறுபடியும் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.